விடுதலை நாளில் ஒரு மடி

நோட்டீஸில் நான்கு மொழிகள் இருந்தன. தீவுக்காரர்களின் மொழியில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடிப் படமும் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதில் பாதி. இந்தியில் நாலைந்து வரி. கடைசியில், தாளில் இடம் மிச்சமாகக் கிடக்கிறதே என்று தமிழ். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். சுவரில் ஒட்டியிருக்கும் எதையும் படிக்காமல் தாண்ட மாட்டேன். இதையும் படித்தேன்.

"நாளை விடுதலை நாள். அனைவருக்கும் விடுமுறை. காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வரவும்."

எந்த நாடு என்று எழுதினால் விசாவில் கை வைத்துவிடுவார்கள். ஆகையால் தீவு என்றே சொல்லிக்கொள்கிறேன். நான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து மெயினருவிக்கு நடந்துபோகிற தூரம்கூட இந்தத் தீவு கிடையாது. ஒரு தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், படகு வந்து நிற்க ஒரு ஜெட்டி. மீதி முழுக்கக் கடல். அங்கே கவுன்சில் ஆபீஸுக்குப் புதுக் கட்டடம் எழுப்புகிற கம்பெனியில் நான் கொத்தனார். பக்கத்துத் தீவில் வெள்ளைக்காரர்கள் காசு கட்டி வெயிலில் படுத்துக் கறுக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதியைக் கம்பெனியே இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது.

அந்த விடுமுறையை நம்பித்தான் குற்றாலத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள்.

தங்கை பெயர் முத்துலட்சுமி. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. செத்துப்போன எங்கள் அம்மாவின் பெயரையே வைத்தாள், ஆவுடைத்தாய் என்று. நான் தீவுக்குக் கிளம்பும்போது அது கழுத்து நிற்காத பிள்ளை. இரண்டு கைகளையும் சேர்த்துத்தான் வாங்கினேன். இப்போது எழுந்து நிற்கிறதாம். மச்சான் வல்லிநாயகம், பிள்ளைவரம் கேட்டபோது, ஒரு வயதுக்குள் மொட்டை போட்டுக் காது குத்துவதாகச் சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்டார். நேர்ந்தபோது என் கம்பெனியைக் கேட்கவில்லை. என்னுடைய முதல் லீவு அடுத்த வருடம் ஐப்பசியில்தான்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். முத்துலட்சுமிக்குக் காது குத்தியபோது எங்கள் மாமன் பம்பாயிலிருந்து வரவில்லை. யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். தம்பி வரவில்லை என்பதை எங்கள் அம்மா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அதைக் கேட்டே வளர்ந்தவள் முத்துலட்சுமி. என் மடி இல்லாமல் குத்துவதில்லை என்று முதலில் சொல்லிவிட்டாள்.

மச்சான் சமாதானம் கண்டுபிடித்தார். வீடியோ காலில் நான் முகத்தைக் காட்டுவது. மடிக்கு வேறு ஆள் போடுவது. அந்த வேறு ஆள் எங்கள் சித்தப்பா மகன் தளவாய். தென்காசியில் போலீஸ் ஏட்டாக இருக்கிறான். எங்கே நாற்காலி காலியானாலும் உட்கார்ந்துவிடுகிற சுபாவம். அவனுக்கு மடி என்று தனியாக எதுவும் தெரியாது, தொப்பை முடிகிற இடம்தான் மடி. நானும் தாய்மாமன் முறைதானே என்று அவன் சொன்னானாம். சொல்லுவான். காதுகுத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் அதன்பிறகு எழுந்திருப்பானா? நாளைக்குக் கல்யாணத்தில் முதல் மாலையோடு அவன்தான் முன்னால் வந்து நிற்பான். நான் பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

குத்துகிற நேரத்தில் நீ கண்ணில் தெரிந்தால்தான் குத்துவேன் என்று கடைசியில் முத்துலட்சுமி இறங்கி வந்தாள். எனக்கு வேலை இல்லாத நாள் எது என்று கேட்டாள். எனக்கு அப்படி ஒரு நாள் இருப்பதாகத் தெரியவில்லை. விசாரித்ததில் விடுதலை நாள் என்று ஒன்று வருகிறது, அன்றைக்கு ஒரு செங்கல்லைக்கூட அசைக்க மாட்டார்கள் என்றார்கள். அதைச் சொன்னேன். நல்லவேளையாக அந்த நாட்டுக்கு ஆடி மாதத்தில் விடுதலை கிடைக்கவில்லை, ஆவணியில் கிடைத்திருந்தது. தென்காசியில் ஜோசியரும் அதே தேதியில் காலை பத்து மணிக்கு நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தாரா, எங்கள் தீவுக் காலண்டரைப் பார்த்தாரா தெரியாது.

சாஸ்தா கோயில் வடகரைக்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே டவர் கிடையாது. ஆகவே மொட்டை மட்டும் சாஸ்தாவுக்கு, காதுகுத்து குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் என்று பிரித்துக்கொண்டார்கள். என் முகத்துக்காகச் சாமியையே பாதிப் பங்குக்குச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் பிரின்ஸ், செங்கோட்டைக்காரன். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், எங்களிடம் இரண்டும். முந்தின நாள் சாயங்காலம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து விடுமுறையை விளக்கினான். காலையில் மேடை போட வேண்டும், பந்தல் கட்ட வேண்டும், தெரு முழுக்கக் கொடி கட்ட வேண்டும், நாற்காலி போட வேண்டும். இதெல்லாம் வேலை இல்லை, மரியாதை. வேலை என்றால் கூலி வந்துவிடும் அல்லவா. அதற்குப் பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

உட்கார வேண்டும் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எந்தச் சூப்பர்வைசரும் என்னை உட்காரச் சொன்னது கிடையாது.

பக்கத்தில் நின்ற முகம்மது கனிதான் விளக்கினான். கடையநல்லூர்க்காரன், கம்பி கட்டுகிறவன், இந்தத் தீவில் எனக்கு முன்னாலேயே வந்து மூன்று விடுதலைகளைப் பார்த்தவன். தீவில் இருக்கிற ஆம்பளை, பொம்பளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எல்லோரும் அணிவகுப்பில் போய்விடுவார்களாம். ஊரே நடந்தால் பார்ப்பதற்கு ஆள் வேண்டாமா? அமைச்சர் தலைநகரத்திலிருந்து போட்டில் வந்து மேடையில் நிற்கும்போது எதிரே பொதுமக்கள் என்று யாராவது இருக்க வேண்டுமே.

"நாமதான் பொதுமக்கள்" என்றான் கனி. "சும்மா இல்ல பாத்துக்கோ. ஒரு நாளைக்கு நாடே நம்மள நம்பி இருக்கு."

நான் பிரின்ஸிடம் போய்ப் பத்து மணிக்கு ஒரு பத்து நிமிடம் விடச் சொல்லிக் கேட்டேன். தங்கை மகள், காதுகுத்து, தாய்மாமன், எல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"அமைச்சர் பேசும்போ முன்வரிசையில ஒரு கசேர காலியா இருந்தா என்ன விசாரிப்பாவ? ரெஸ்பெக்ட் இல்லன்னு விசாரிப்பாவ. போனும் கையில இருக்கப்பிடாது கேட்டோ." அவன் மலையாளத்தில் விசாரிப்பது என்றால் நினைப்பது. பிறகு போகிற போக்கில் சொன்னான். "ஐப்பசி லீவுக்குப் பேரு எழுதுறதும் ஞான்தானே, இசக்கி."

பத்து மணி ஆகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜெட்டிப் பக்கம் ஓடிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். வயிற்றுப்போக்கைக் காட்டி நான் தப்பிக்காத காரியம் கிடையாது. கனியிடம் மட்டும் சொல்லிவைத்தேன். அவன் தலையை ஆட்டிச் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அப்போது விளங்கவில்லை.

விடிவதற்கு முன்னால் விடுமுறை ஆரம்பமாகிவிட்டது. மேடைக்குப் பலகை சுமந்தோம். கொடி கட்டினோம். கட்டிய கொடிகளைக் காற்று கடலுக்குள் கொண்டுபோக, இறங்கி எடுத்து வந்து மறுபடியும் கட்டினோம். இரும்புக் கம்பி சுமக்கிற நாளில்கூட நடுவில் ஒரு டீ உண்டு. விடுமுறை நாளில் டீக்கடையும் விடுமுறை.

ஒன்பது மணிக்கு, நாங்களே சுமந்துவந்து போட்ட நாற்காலிகளில், நாங்களே பொதுமக்களாக உட்கார்ந்தோம். நேபாளி, பீகாரி, வங்காளி, நாங்கள் இரண்டு மூன்று தமிழர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை. அமைச்சர் வந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நாங்கள் தட்டினோம். தீவின் மக்களே என்று அவர் எங்களைப் பார்த்துச் சொன்னதாகக் கனி மொழிபெயர்த்தான்.

அணிவகுப்பு தெருவின் அந்தக் கோடியில் கிளம்பியது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் மீன்பிடிக்கிறவர்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்காரர்கள். தெரு சின்னது என்பதால் மேடையைத் தாண்டியவர்கள் கடற்கரையைச் சுற்றி மறுபடியும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரே டாக்டர் இரண்டு முறை போனார். நாங்கள் இரண்டு முறையும் முதல்முறை மாதிரியே தட்டினோம்.

பத்து மணி நெருங்கியது. வயிற்றைப் பிடித்தேன். முகத்தைச் சுளித்தேன். எழுந்திருக்கப் போகிற நேரத்தில் கவுன்சில் ஆபீஸில் வேலைபார்க்கிற அம்மா ஒருத்தி சீருடையோடு வேகவேகமாக வந்தாள். அவள் வீட்டுச் சமையலறைச் சுவரை நான்தான் பூசிக் கொடுத்தேன், அதனால் முகம் தெரியும். அவர்கள் அணி கிளம்புகிற நேரம். இடுப்பில் இருந்த பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, சிரித்து, என்னவோ சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

சுற்றிப் பார்த்தேன். நேபாளி மடியில் ஒன்று. பீகாரி மடியில் ஒன்று. கனி ஏற்கெனவே ஒரு பையனைத் தோளில் சாத்தித் தட்டிக்கொண்டிருந்தான்.

"பெத்தவங்க எல்லாம் நடக்கும்போது பிள்ளைய எங்கன வைக்க?" என்றான். "போன வருசம் எம் மடியில ரெண்டு கெடந்துச்சு."

இதை நேற்றைக்கே சொன்னால் என்ன என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நீ உண்மையாகவே பேதிக்கு மாத்திரை போட்டிருப்பாய் என்றான்.

பொட்டப்பிள்ளை. ஒரு வயது இருக்கும். எழுந்து போகவும் முடியாது, கீழே விடவும் முடியாது. குற்றாலத்தில் ஒரு பிள்ளை மடி இல்லாமல் காத்திருக்கிறது. இங்கே மடி இருக்கிறது, அதில் கவுன்சில் ஆபீஸ் உட்கார்ந்திருக்கிறது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு, சொந்த மாமன் மடி மாதிரி சௌகரியமாக.

சட்டைப்பையில் போன் நடுங்கியது. பிரின்ஸ் மேடைக்குப் பக்கத்தில் நின்று எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அதன் முதுகுக்குப் பின்னால் போனை மறைத்துப் பிடித்து எடுத்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. அருவிச் சத்தம். மண்டபம் மெயினருவிக்குப் பக்கம், சீசன் தண்ணீர் இன்னும் குறையவில்லை போலிருக்கிறது. இங்கே எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு எது தண்ணீர், எது மரியாதை என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

பிறகு படம் வந்தது. மச்சான் போனைப் பிடித்திருந்தார். பட்டுவேட்டி கட்டிய தளவாய், ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு நாட்டையே காப்பாற்றியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஆவுடைத்தாய். தொப்பை தள்ளிவிட்டதில் முழங்காலுக்கு நழுவி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியோடு தயாராக இருந்தார். முத்துலட்சுமி பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து இங்கே என் மடியில் இருந்தது திரும்பிப் போனை எட்டிப் பார்த்தது. குற்றாலத்து மண்டபம் முழுக்க அதன் மூக்கு தெரிந்திருக்கும்.

"அது யாரு பிள்ளை?" என்றாள் முத்துலட்சுமி.

தெரியாது, ஊர்வலம் போகிறவள் வைத்துவிட்டுப் போனாள் என்று மெதுவாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பொய் மாதிரி இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"நாம இங்கன அவனுக்குப் பொண்ணு பாக்கோம்" என்றான் தளவாய், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "அவன் அங்கன பிள்ளைக்குப் பேரே வச்சிட்டாம் போல."

மண்டபம் சிரித்தது. பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று சிரித்தார்கள். ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை, முகூர்த்தம் போகிறது, பிள்ளையின் தலையைப் பிடியுங்கள் என்றார். தளவாய் பிடித்தான். கைதியைப் பிடிக்கிற பிடி. ஆவுடைத்தாய் இன்னும் உரக்கக் கத்தியது.

என் மடியில் இருந்த பிள்ளை கொட்டாவி விட்டது. என் நெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டது. நான் என்னையறியாமல் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முத்துலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பித் தளவாயின் மடியைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"பிள்ளையக் கொண்டாங்க" என்றாள்.

குனிந்து அவளே தூக்கிக்கொண்டாள். ஆசாரி ஒன்றும் புரியாமல் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். மச்சான் என்னவோ சொல்ல வந்தார். நேர்த்திக்கடன் என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது.

"சாஸ்தாவுக்கு மொட்டை குடுத்தாச்சுல்லா. காதுக்கு அவரு காத்திருப்பாரு" என்றாள் முத்துலட்சுமி. "எவ பிள்ளையோ எங்கண்ணன் மடியில நிம்மதியா ஒறங்குது. எம் பிள்ளை இன்னொருத்தன் மடியில கெடந்து கத்தணுமாக்கும். காது குத்தாண்டாம்."

தளவாய் முகம் மாறிவிட்டது. வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது, ஆசாரியை வரச்சொல்லிவிட்டு இதென்ன கூத்து என்றான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். சாப்பிடத்தான் வந்தார்கள் என்பதால் யாரும் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

பிறகு போனை மச்சான் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் என்னைத் திட்டுகிற குரல்.

"அடுத்த வருசம் ஐப்பசிக்கு நீ வாற. வந்து ஒக்காருத. மூணாவது வயசு நடக்கும்லா, அப்பம் குத்துவோம். அதுவரைக்கும் ஊரான் பிள்ளைக்கு எல்லாம் மடி குடுத்துத் திரியாத."

நான் பதில் சொல்லும் முன் தீவின் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. பொதுமக்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன். போனை மறைக்க இடமில்லை. பிரின்ஸ் நேராக என்னைப் பார்த்தான். கீதம் முடிகிறவரை அசையக்கூடாது என்பதால் அவனால் வர முடியவில்லை. ஆனால் என் பெயரை ஐப்பசியிலிருந்து அடிப்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. இவ்வளவு நீளமான தேசிய கீதத்தை நான் கேட்டதில்லை.

கீதம் முடிந்ததும் அவன் என் நாற்காலியை நோக்கி வந்தான். அவனுக்கு முன்னால் அந்த அம்மா வந்து சேர்ந்தாள். வேர்த்து, சீருடைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தாள். பிள்ளை என் தோளில் தூங்குவதைப் பார்த்து நின்றுவிட்டாள். பிரின்ஸைத் திரும்பிப் பார்த்து அவர்கள் மொழியில் என்னவோ சொன்னாள். கவுன்சில் ஆபீஸ் சொல்கிற எதற்கும் பிரின்ஸிடம் ஒரு சிரிப்பு தயாராக இருக்கும். அந்தச் சிரிப்பைப் போட்டான். இது வீட்டில் பகலில் தூங்கவே தூங்காத பிள்ளையாம், கனி பிறகு சொன்னான். அடுத்த விடுதலை நாளிலும் இதே ஆளை இதே இடத்தில் உட்காரவைக்க முடியுமா என்று கேட்டாளாம்.

"உட்காருவான், மேடம்" என்று ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்தான் பிரின்ஸ்.

அவள் போனதும் என் பக்கம் குனிந்து, சிரிப்பை இன்னும் எடுத்து வைக்காமலே கேட்டான். "போனில ஆரு?"

"தங்கச்சி. காது குத்தலயாம். ஐப்பசியில நான் வந்த பொறவுதான் குத்துவாளாம்."

அவன் அந்த அம்மா போன பக்கம் திரும்பிப் பார்த்தான். செங்கோட்டையிலும் காதுகுத்து உண்டு. அவனுக்கும் தங்கை மக்கள் இருக்கும். அதையெல்லாம் நினைத்தானா, கவுன்சில் அம்மாவை நினைத்தானா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் இருக்கும்.

"அடுத்த ஆவணிக்கு இங்கன உட்காரு. ஐப்பசிக்கு அங்கன உட்காரு" என்றான். "இப்போ நாற்காலிய எடுத்து அடுக்கு."

அமைச்சர் போட்டில் ஏறிப் போய்விட்டார். தீவுக்காரர்கள் நடந்த களைப்பில் வீட்டுக்குப் போனார்கள். உட்கார்ந்த களைப்பில் நாங்கள் நாற்காலிகளை அடுக்கினோம். என் வெள்ளைச் சட்டையில் பிள்ளையின் எச்சில். பேண்ட்டில் அதைவிட ஈரம். எது எப்போது நடந்தது என்று தெரியவில்லை. கனி அதைப் பார்த்துவிட்டு, தாய்மாமன் சீர் வாங்கிவிட்டாயே என்றான்.

மத்தியானம் முத்துலட்சுமி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். சந்தனம் காய்ந்த மொட்டை, புதுப் பாவாடை. இரண்டு பக்கமும் ஓட்டை இல்லாத காது. பின்னால் தூரத்தில், பந்தி இலைக்கு முன்னால் தளவாய். இலையில் பாயசம்.

நான் போட்டோவைப் பெரிதாக்கி இடது காதைப் பார்த்தேன். வலது காதைப் பார்த்தேன். பிரின்ஸ் தூரத்திலிருந்து, லீவு இன்னும் முடிஞ்சில்ல கேட்டோ, கொடியும் அவிழ்க்கணும் என்று கத்தினான். ஏணியை எடுக்கப் போனேன்.